சூட்டு உடம்பும் நான்கு எழுத்தும்: மொன்றியல் தமிழரின் குணவகை பற்றி ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வின் அவசியம்

மொன்றியலில் டிசம்பர் மாதம் சூரியன் பிற்பகல் நாலே கால் மணிக்கே மறைந்துவிடும். அதன்பிறகு படுக்கப் போகும்வரை நீண்டு கிடக்கிற இருட்டை எங்கள் சனம் எப்படிக் கழிக்கிறது என்பது அறிஞர்கள் இன்னும் கைவைக்காத பொருள். முந்தி வீடியோக் கடையில் எடுத்த படக் கொப்பி இருந்தது. பிறகு தொடர்நாடகம் வந்தது. இப்போது இளையவர்களும் இளையவர்கள் என்று தங்களை நினைத்துக்கொள்பவர்களும் கைத்தொலைபேசியில் குணவகைச் சோதனை எழுதுகிறார்கள். சனக்கூட்டத்துக்குள் நின்றால் களைக்குமா தெம்பு வருமா, பயணத்துக்கு முதல்நாளே பெட்டி அடுக்குவீர்களா கடைசி நிமிடத்திலா என்றெல்லாம் கேட்டுவிட்டு, அது நான்கு எழுத்துகளைக் கையில் தருகிறது. எழுத்தோடு இலவச இணைப்பாக, தன்னைத் தான் பேணிக்கொள்ள வழிகளும் வருகின்றன. உங்கள் வகையினருக்குத் தனிமை முக்கியம். வெந்நீரில் ஆறுதலாகக் குளியுங்கள். மனம் விரும்பாத அழைப்புகளை மறுத்துவிடுங்கள்.

கடைசியாகச் சொன்ன அறிவுரையால் கோட்-டெ-நேஜ், பார்க்-எக்ஸ்ரென்சன், டொலார்-டெ-ஓர்மோ பகுதிகளின் பிறந்தநாள் விழாக்களுக்கு ஏற்பட்டுவரும் சேதமே இந்த ஆய்வுக்கு உடனடிக் காரணம். "நான் ஐ.என்.எஃப்.ஜே, மாமி. எனக்குச் சனம் கூடின இடம் ஒத்துவராது" என்று ஒரு மருமகள் தொலைபேசியில் சொல்ல, மாமி அதை இரத்தப் பரிசோதனை முடிவு என்று விளங்கிக்கொண்டு, "முருகா! டொக்டர் என்னவாம், பிள்ளை?" என்று கேட்டதாகத் தகவல்.

ஆய்வாளருக்கு உளவியலில் பட்டம் கிடையாது. இது தகுதிக் குறைவு ஆகாது. அந்த நான்கு எழுத்தை உலகுக்குத் தந்த தாய்க்கும் மகளுக்கும்கூட அந்தப் பட்டம் இருக்கவில்லை.

2. முன்னோர் கண்டது (வெள்ளைக்கார முன்னோர்)

சுவிற்சர்லாந்தின் கார்ல் யுங் மனித வகைகள் பற்றிய தம் பெரிய நூலை 1921இல் வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து ஆங்கிலத்தில் வந்ததும் அதை வேதம்போல் படித்தவர் கதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்க அம்மா. அவருடைய மகள் இசபெல் மயர்ஸ் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், புதிதாகத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பெண்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க மகள் ஒரு வினாத்தாள் தயாரிக்கத் தொடங்கினார். 1962இல் அது அச்சான கைநூலோடு வெளிவந்தது. பதினாறு வகை மனிதர்கள் என்று முடிவாயிற்று. துப்பறியும் கதைக்காரருக்கே உரிய முடிவு: கடைசிப் பக்கத்தில் எல்லோரும் அகப்பட்டுவிட வேண்டும்.

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிரீட்மன், ரோசன்மன் என்று இரண்டு இருதய வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய காத்திருப்பு அறையில் கதிரைகளுக்கு மேலுறை மாற்ற வந்த தொழிலாளி, இருக்கைகளின் முன் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டு வியந்தாராம். நோயாளிகள் சாய்ந்து இருக்கவே இல்லை. நுனியில் குந்தி, எப்போது கூப்பிடுவார்கள் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள். 1959இல் அந்த வைத்தியர்கள் அவசரக்காரரை 'ஏ' வகை என்றும் ஆறுதல்காரரை 'பி' வகை என்றும் பிரித்து, ஏ வகைக்கே மாரடைப்பு அதிகம் என்று எழுதினார்கள். கதிரைத் தொழிலாளியின் பெயரை எந்த ஆய்வேடும் பதிவு செய்யவில்லை. இதுவும் ஒருவகை வகைப்படுத்தல்தான்.

ஆனால் நாம் சான் பிரான்சிஸ்கோவரை போக வேண்டியதில்லை. எண்பதுகளில் கோட்-டெ-நேஜில் ஒரு வீட்டுக்குள் எட்டுப்பேராக வாடகைக்கு இருந்த எங்கள் பெடியள் வெளியே வந்து தலையை நிமிர்த்தினால், மலைச்சரிவில் கோபுரம் வைத்த பெரிய கட்டடம் ஒன்று தெரியும். மொன்றியல் பல்கலைக்கழகம். அங்கேதான் ஹான்ஸ் செலியே 1945 தொடக்கம் 1976 வரை ஆராய்ச்சி செய்தார். இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் வீட்டுப்பாடம் கூடினால் சொல்கிற 'ஸ்ரெஸ்' என்பதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். வியன்னாவில் 1907இல் பிறந்தவர். முப்பதுகளில் மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளோடு காலங்கழித்தார். எலியைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், அளவுக்கு மிஞ்சி ஓடவைத்தார், மருந்து ஏற்றினார். எது செய்தாலும் எலிக்கு வந்த கேடு ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் கண்டது. 1936 யூலையில் இதை நேச்சர் இதழுக்கு ஒரு சின்னக் கடிதமாக எழுதினார். குளிர், காயம், அளவுக்கு மிஞ்சின வேலை என்ற பட்டியலைப் படிக்கும் மொன்றியல் தமிழர், பகலில் தொழிற்சாலையும் இரவில் உணவகத்துக் கோப்பைகளுமாக ஓடிய தம்முடைய முதல் வருடங்களை யாரோ எலியின் பெயரில் எழுதிவிட்டார்கள் என்றே எண்ணுவார்.

செலியே 1982 ஒக்ரோபரில் மொன்றியலில் காலமானார். ஒன்பது மாதம் கழித்து வந்தது இலங்கையின் 1983 யூலைக் கலவரம். கூண்டுக்கு வெளியே அவருடைய கொள்கையைச் சோதித்துப் பார்க்க ஏற்ற ஒரு கூட்டம் தானாகவே விமானம் ஏறி வந்தது. 1986 ஓகஸ்ட்டில் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தும் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மொன்றியலுக்கே வந்து சேர்ந்தார்கள். ஆய்வுக்குரியவர்கள் தயார், ஆய்வாளர் போய்விட்டார். அறிவியல் வரலாற்றில் இதைவிடப் பெரிய நேரப்பிழை நமக்குத் தெரிந்து இல்லை.

போவதற்கு முன்பு அவர் ஒரு வகைப்பாட்டை விட்டுப் போனார். மனிதரில் ஓட்டக்குதிரைகள் உண்டு, ஆமைகள் உண்டு. குதிரையைக் கட்டி வைத்தால் நோய் வரும். ஆமையைக் குதிரையோடு ஓடவிட்டால் உயிர் போகும். நீ எது என்று அறிந்து அந்த வேகத்திலேயே போ. தன்னைப் பேணுவதற்குக் குணவகையைக் கருவியாக்கச் சொன்ன மொன்றியல்வாசி என்ற பெருமை அவருக்கே. அவர் எழுதிய கட்டுரைகள் 1,700 என்றும் நூல்கள் 39 என்றும் கணக்குச் சொல்வார்கள். அவர் எந்த வகை என்று ஆராய நிதியுதவி கோரத் தேவையில்லை.

3. முன்னோர் கண்டது (பெரியம்மா)

மேற்படி அறிஞர்கள் அறியாத இன்னொரு மரபு உண்டு. எங்கள் வீடுகளில் குணவகையைத் தீர்மானிப்பவர் பெரியம்மா. வினாத்தாள் இல்லை, கட்டணம் இல்லை, சம்பந்தப்பட்டவரின் சம்மதமும் இல்லை. பிள்ளை குசினி வாசலில் வந்து நின்றாலே போதும். "உவனுக்குச் சூட்டு உடம்பு. கோழியைக் குறையுங்கோ, மோர் குடுங்கோ." அடுத்தவளுக்கு வாய்வு: மரவள்ளியும் பருப்பும் இராச் சாப்பாட்டுக்கு ஆகாது. மூன்றாமவனுக்குக் கிரந்தி: இறால், கணவாய், கத்தரிக்காய் மூன்றும் தள்ளுபடி. குளிர் உடம்புக்காரருக்கு வேர்க்கொம்பு போட்ட கோப்பி. தடிமன் பிடித்தால் கொத்தமல்லிக் குடிநீர்.

இதன் பின்னால் நிற்பது சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயம் என்கிற மூன்று. வள்ளுவரும் மருந்துக்கென்று 95ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, முதலில் அந்த மூன்றின் ஏற்றக்குறைவைத்தான் சொல்கிறார்; பிறகு ஆறு குறளைச் சாப்பாட்டுக்கே செலவிடுகிறார். மருந்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் இலையை விட்டு எழும்பவில்லை என்பதால் அவர் தமிழர்தான் என்று உறுதியாகிறது.

இங்கே இந்த ஆய்வின் ஒரேயொரு கண்டுபிடிப்பை வைக்க வேண்டியிருக்கிறது. பெரியம்மா வகையைக் கண்டுபிடித்தது எதற்கு? அதற்கு எதிரானதைக் கொடுப்பதற்கு. சூட்டு உடம்பு என்று சொன்னது மோர் கொடுக்கத்தான். சூட்டு உடம்புக்காரன் தன் இயல்புப்படி இன்னும் ரெண்டு துண்டு கோழி போட்டுச் சாப்பிடட்டும் என்று அவர் ஒருகாலமும் சொன்னதில்லை. நான்கு எழுத்துச் சோதனையோ தலைகீழாக நிற்கிறது. தனிமை விரும்பிக்கு இன்னும் கொஞ்சம் தனிமை, திட்டம் போடுபவருக்கு இன்னொரு நாட்குறிப்பு, கலகலப்பானவருக்கு இன்னொரு கொண்டாட்டம். செலியேயும் இந்த விடயத்தில் சோதனைக்காரர் பக்கம்தான்: ஆமை, ஆமையாகவே இரு. வகை என்பது பெரியம்மாவிடம் நோய்க்குறி. கைத்தொலைபேசியில் அது அனுமதிச்சீட்டு.

வேடிக்கை என்னவென்றால் யுங் பெரியம்மாவின் கட்சி. மனம் ஒருபக்கம் சாய்ந்தால் உள்ளே கிடக்கிற மறுபக்கம் அதை ஈடுசெய்யப் பார்க்கும், அந்த வளராத பக்கத்தை வளர்க்காமல் ஒருவர் முழுமை பெறுவதில்லை என்பதுதான் அவருடைய வாதம். முழுக்க அகமுகியாகவோ முழுக்கப் புறமுகியாகவோ ஒருவன் இருந்தால் அவனைப் பைத்தியக்கார ஆசுபத்திரியில்தான் பார்க்கலாம் என்று 1957இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவருடைய பெயரால் நடக்கும் சோதனைகள் இந்தப் பகுதியை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு வந்துவிட்டன.

பெரியம்மா முறையிலும் குறை இருக்கிறது, மறைக்க முடியாது. ஐந்து வயதில் ஒட்டிய முத்திரை ஐம்பது வயதிலும் கழராது. "இவன் சின்னனிலேயே இப்பிடித்தான்" என்ற தீர்ப்புக்கு மேன்முறையீடு செய்ய நீதிமன்றம் கிடையாது. அதைவிடப் பெரிய குறை வேறு. பெரியம்மாவுக்கு எந்த உடம்பு? வீட்டில் எல்லோரையும் விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அவரிடமே கேட்டபோது, "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கிறன்" என்றார். சீனி வருத்தத்துக்கும் பிறசருக்குமாகக் காலையில் ஒரு கைநிறையக் குளிசை விழுங்குகிறவர். எல்லோரையும் வகைப்படுத்தியவரை யாரும் வகைப்படுத்தவில்லை. ஆகவே அவருக்கு யாரும் மோர் கொடுக்கவும் இல்லை.

4. வரையறைகள்

தேவை ஏற்படவில்லை.

5. கள ஆய்வு

சான் பிரான்சிஸ்கோ வைத்தியர்களைப் பின்பற்றிக் கதிரை ஓரங்களை ஆராயவே முதலில் திட்டமிட்டோம். எங்கள் மண்டபங்களில் உள்ளவை பிளாஸ்ரிக் கதிரைகள். அவை தேய்வதில்லை, உடைகின்றன. உடைவதற்கும் இருந்தவரின் குணத்துக்கும் தொடர்பு காண்பது அநாகரிகம் என்று கைவிட்டோம்.

மாற்றாக எடுத்தது, பனி கொட்டிய மறுநாட் காலையில் கார். இந்த நகரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் பனி விழுகிறது. தெருவோரத்தில் செம்மஞ்சள் அறிவிப்புப் பலகை நட்டு, இழுவை வண்டி சைரன் ஊதிக்கொண்டு வரும். அதற்குள் காரை எடுக்காவிட்டால் கார் வேறொரு தெருவில் கிடக்கும், கூடவே தண்டச்சீட்டும். மனிதனின் உண்மையான குணம் அந்தச் சைரனில் வெளிப்படுவதுபோல் எந்த வினாத்தாளிலும் வெளிப்படாது.

ஓட்டக்குதிரை வகையினர் முதல்நாள் இரவே வானிலை பார்த்துவிட்டார்கள். சைரனுக்கு அரைமணி முன்பே இறங்கி, கூரை, விளக்கு, இலக்கத்தகடு எல்லாம் வழித்து, கை சும்மா இருக்க மாட்டாமல் பக்கத்து வீட்டுக் கிரேக்கரின் காரையும் வழித்து விடுகிறார்கள். ஆமை வகையினர் எஞ்சினை ஸ்ரார்ட் செய்து சூடேற விட்டு, மாடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்கண்ணாடியில் ஒரு முகம் தெரியுமளவுக்கு ஓட்டை போட்டு, சட்டத்துக்கு விரோதமாக அதற்குள்ளால் உலகைக் கண்டபடி வேலைக்குப் போகிறவர்களை எந்த அறிஞரின் பட்டியலிலும் அடக்க முடியவில்லை. "தம்பி, எழும்படா" என்று குரல் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுகிறவர்களும் உளர். இவர்களை நாம் புறமுகிகள் என்றே கொண்டோம், ஏனெனில் எல்லாமே அவர்களுக்குப் புறத்தே நடக்கிறது.

தொடர்ந்து அவதானித்தபோது சிக்கல் தெரிந்தது. உணவகத்தில் மூன்று அடுப்புக்கு நடுவே குதிரையாக நிற்கிற அதே மனிதர் வீட்டுக் கதவு திறந்ததும் ஆமையாகிறார். ஜனவரியில் யாரோடும் பேச மனமில்லாத தனிமை விரும்பி, யூலையில் முருகன் கோயில் தேரடியில் வடம்பிடிக்கிற இடத்தில் ஊர் முழுக்கக் கேட்கச் சிரிக்கிறார். அகமுகியா புறமுகியா என்று காட்டும் அந்த முதல் எழுத்தை மொன்றியலில் தீர்மானிப்பது மனமா, வெப்பமானியா என்பதே ஐயத்துக்குரியது. இது வெறும் ஊகம்தான், நிரூபிக்க எம்மிடம் எலி இல்லை.

இந்தத் தெரிவில் பெண்கள் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் உள்ளே நின்று நாலு பேருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்யாமல் விடக்கூடிய வகை ஒன்று பதினாறுக்குள் இருக்கிறதா என்று தேடினோம். இல்லை.

பகிடியை ஒரு நிமிடம் ஓரமாக வைக்கலாம். 1981 தொடக்கம் 2014 வரையான கியூபெக் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. பெரும்பனி கொட்டிய மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் வரும் சாவும் கூடுகின்றன என்று அது சொல்கிறது. பனி தள்ளுவதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த இருதயங்களில் எத்தனை குதிரை, எத்தனை ஆமை என்று யாரும் எண்ணவில்லை. மண்வாரியைப் பிடிக்கும்போது ஐம்பது வயது தாண்டிய இருதயம் ஒரே வகை.

6. ஆட்சேபங்கள்

சோதனை தன்னை அப்படியே படம்பிடித்தது போல் இருக்கிறதே என்பார்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க ஆசிரியர் 39 மாணவர்களுக்குக் குணச் சோதனை வைத்து, ஆளுக்கொரு முடிவுத்தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதிலும் பெரும்பகுதி பத்திரிகைக் கடையில் விற்கிற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. வார இராசிபலனில் 'எதிர்பாராத செலவு வரும்' என்ற வரி பன்னிரண்டு இராசிக்கும் பொருந்துவதை அறிந்த நமக்கு இது புதினமல்ல.

நான்கு எழுத்துச் சோதனையைச் சில கிழமை கழித்துத் திரும்ப எழுதினால் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது என்பதும் தெரிந்ததே. இராசி மாறாது. அந்த அளவில் சோதிடம் உறுதியானது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வழக்குகளால் வெளியே வந்த புகையிலைக் கம்பெனிகளின் ஆவணங்கள், அவை செலியேயின் ஆராய்ச்சிக்கும் ஏ வகை ஆராய்ச்சிக்கும் பணம் கொடுத்ததைக் காட்டுகின்றன. காரணம் விளங்கக் கஷ்டமில்லை. மாரடைப்பு குணத்தால் வருகிறது, மன அழுத்தத்தால் வருகிறது என்றால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும். செலியே 1969இல் கனடிய நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே புகைத்தலுக்குச் சாதகமாகப் பேசினார். ஒருவருடைய நோய்க்கு அவருடைய குணமே காரணம் என்று யாராவது அன்போடு சொன்னால், அதனால் இலாபம் யாருக்கு என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு வேலை, எட்டுப் பேருக்கு ஒரு வீடு, அகதி விண்ணப்பத்தின் முடிவு வராத நான்கு வருடம் ஆகியவற்றை எந்த நான்கு எழுத்தும் சொல்லாது.

7. பரிந்துரைகள்

சோதனையை எழுதுங்கள், தடையில்லை. குளிர்கால இரவுக்கு அது தொடர்நாடகத்தைவிடக் கெடுதல் குறைந்தது. ஆனால் வந்த முடிவைப் பெரியம்மா முறையில் பயன்படுத்துக. தனிமை விரும்பி என்று வந்தால் இரண்டு பிறந்தநாள் விழாவில் ஒன்றுக்குப் போகவும். முழு நேரமும் சபையில் இருக்கத் தேவையில்லை. வந்தவர்களின் குளிர் ஜக்கெற்றுகளைக் குவித்து வைத்திருக்கும் படுக்கையறையில் கால்மணி நேரம் இருந்துவிட்டு வரலாம். அங்கே உங்களுக்கு முன்பே இன்னொருவர் இருப்பார். அவரோடு பேச வேண்டியதில்லை. கலகலப்பானவர் என்று வந்தால், மெற்றோவின் நீலப் பாதையில் ஸ்னோடனில் ஏறி, கைத்தொலைபேசியைப் பையிலிருந்து எடுக்காமல், பன்னிரண்டாவது நிலையமான சென் மிஷெல் வரை சும்மா இருந்து பார்க்கவும். சிலருக்கு இது பார்க் நிலையத்துக்கு மேல் தாங்காது. அங்கே இறங்கி இடியப்பம் வாங்கிக்கொண்டு திரும்புவதை முதல்நிலைத் தேர்ச்சியாகக் கொள்ளலாம்.

ஆமைகள் கோடையில் சென் ஜோசப் ஆலயத்தின் 283 படிகளை ஏறலாம். நடுவில் உள்ள 99 மரப்படிகள் முழங்காலில் ஏறுபவர்களுக்கு உரியவை, அதைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் சைவச் சனமும் அங்கே போவதால் மதத் தடை எதுவும் இல்லை. குதிரைகள் சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகி, எண்ணெய் ஊறும் நேரத்தில் எதையும் திருத்தாமல் இருக்கக் கடவர். பனி தள்ளுவதில் எல்லா வகையினரும் இடையிடையே நின்று மூச்சு வாங்கவும். இருதய வருத்தம் உள்ளவர் மண்வாரியைத் தொடாமல் தம்பியை எழுப்பவும். இந்த ஒரு இடத்தில் அந்த வகையினரே சரி.

வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தால், அவருக்கு எந்த உடம்பு என்று இந்தக் கிழமையே கண்டுபிடித்து, அதற்கேற்றதை நீங்களே காய்ச்சிக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்பார். அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த ஆய்வு எட்டாத எல்லை ஒன்றுண்டு. நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் பற்றாமல் இரண்டு கிழமைக்கு மேலே போனால் அது உள்ளொடுங்கிய குணமும் அல்ல, குளிர் உடம்பும் அல்ல, வருத்தம். கியூபெக்கில் 811க்கு அழைத்து 2ஐ அமுக்கினால் இரவு பகல் எந்நேரமும் சமூகசேவை உத்தியோகத்தர் ஒருவர் பேசுவார். காசு இல்லை. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கதைக்கலாம், தயங்கினால் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் நான்கு எழுத்து என்னவென்று அவர் கேட்க மாட்டார்.